மணப்பெண் முகமும் ஏர்பிரஷ் ஒப்பனையும்

ஏர்பிரஷ் ஒப்பனை என்பது, முகத்துக்கு அடித்தளமாக அமையும் ஃபவுண்டேஷன் என்னும் நிறக்கலவையை விரலாலோ பஞ்சாலோ தூரிகையாலோ தடவாமல், அழுத்தப்பட்ட காற்றின் துணையால் நுண்ணிய துளிகளாகச் சிதறச்செய்து தோலின் மேல் படியவைக்கும் முறையாகும். திரைப்படத்துக்கும் தொலைக்காட்சிக்கும் உரியதாயிருந்த இம்முறை, தமிழ்நாட்டில் முதலில் பெருநகரத் திருமணங்களுக்கு வந்து, பின்னர் மாவட்டத் தலைநகரங்களின் மண்டபங்களையும் எட்டியது. மண்டபத்தையும் சமையற்காரரையும் பேசி முடித்த கையோடு ஒப்பனைக் கலைஞரையும் பேசி முடிக்கும் பெண்வீட்டார், 'சாதாவா, எச்டியா, ஏர்பிரஷ்ஷா' என்ற கேள்வியை இன்று இயல்பாகவே எதிர்கொள்கின்றனர். ஆயினும் அக்கேள்விக்கு விடை சொல்லும்போது இயந்திரத்திடமிருந்து எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பது பெரும்பாலான வீடுகளில் தெளிவாக இருப்பதில்லை. காவிரிப் படுகையில் நடந்த ஒரு குடும்பத் திருமணத்தில், தங்கை முறையாகிய சித்தி மகளின் ஒப்பனையை முன்னோட்டம் முதல் கலைப்பது வரை உடனிருந்து கண்ட நினைவுகளைக் கொண்டு, அத்தெளிவை ஓரளவேனும் உண்டாக்க இவ்வரிகளை எழுதுபவர் முற்படுகிறார்.

இம்முறையின் இடத்தை உணர, அதற்கு முன்னிருந்த வழக்கங்களை நினைவுகூர்வது தகும். 1980களில் அப்பகுதித் திருமணங்களில் மணப்பெண்ணை அலங்கரிப்பது பெரும்பாலும் கைத்திறன் வாய்த்த ஓர் அத்தையின் அல்லது அண்டை வீட்டு அக்காவின் பொறுப்பாக இருந்தது. முகம் கழுவி, ஸ்நோ தடவி, அதன்மேல் பவுடரை ஒற்றி, கண்ணுக்கு மை தீட்டி, குங்குமத்தால் பொட்டு வைத்தால் முக அலங்காரம் நிறைவெய்தியதாகக் கருதப்பட்டது. மற்ற நேரமெல்லாம் ஜடை அலங்காரத்துக்கும் புடவைக் கட்டுக்கும் செலவிடப்பட்டது. பின்னர் ஊருக்கு ஒன்றாகப் பியூட்டி பார்லர்கள் தோன்றியபோது, அவற்றோடு பான்கேக் என்னும் வட்டக் கட்டியும் மணமகள் அறைக்குள் நுழைந்தது. ஈரப் பஞ்சால் தேய்த்தெடுத்துப் பூசப்படும் இப்பொருளை, வண்ணத் திரைப்படத்தின் கூர்மையான விளக்கொளிக்கென அமெரிக்காவின் மேக்ஸ் ஃபேக்டர் நிறுவனம் உருவாக்கியது. 1937இல் வெளிவந்த 'வோக்ஸ் ஆஃப் 1938' என்ற படத்தில் அது பயன்பட்டது. திரைக்கென்று பிறந்து திருமண மேடைக்கு வந்து சேரும் இவ்வழியில் ஏர்பிரஷ் இரண்டாவதாக வந்ததேயாகும்.

பான்கேக் தன் பணியைச் செய்தது. ஆனால் அதன் கனமும் வறட்சியும் வெயில்நாட்டு முகங்களுக்கு ஒத்துவரவில்லை. முகூர்த்தம் முடிவதற்குள் மூக்கோரத்திலும் வாயோரத்திலும் கோடுகள் விழுவதும், வேர்வை இறங்கிய தடம் கன்னத்தில் தெரிவதும், மாலையின் ஈரம் பட்ட கழுத்தில் திட்டுகள் தோன்றுவதும் அக்காலத் திருமண ஆல்பங்களைப் புரட்டும் எவர்க்கும் புலப்படும். அந்த ஆல்பங்களில் மற்றொன்றும் புலப்படும். முகம் ஒரு நிறமாகவும், தாலி ஏற்கும் கழுத்து இன்னொரு நிறமாகவும், மாலையைப் பற்றிய கை மூன்றாவது நிறமாகவும் இருக்கும். இந்த நிறப்பிளவே இக்கட்டுரையின் மையப்பொருளாதலின், அதற்குப் பின்னர் விரிவாகத் திரும்ப வேண்டியுள்ளது.

ஏர்பிரஷ் என்னும் கருவி ஒப்பனைக்கென்று தோன்றியதன்று. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தைச் சேர்ந்த அப்னர் பீலர் 1870களின் இறுதியில் உருவாக்கிய கருவியிலிருந்தும், சார்லஸ் பர்டிக் என்பவர் 1890களில் அதற்கு அளித்த செம்மையான வடிவத்திலிருந்தும் இன்றைய ஏர்பிரஷ் வளர்ந்தது. தொடக்க காலத்தில் அது புகைப்படங்களுக்கு வண்ணம் ஏற்றவும், அவற்றில் உள்ள குறைகளை மறைத்துத் திருத்தவும் பயன்பட்டது. பின்னர் விளம்பரச் சித்திரங்களிலும் வாகன ஓவியங்களிலும் பரவியது. 1980களில் அமெரிக்காவில் ஒப்பனைக்கெனத் தனி ஏர்பிரஷ் கருவிகளும் வண்ணங்களும் விற்பனைக்கு வந்தன. உயர் தெளிவுத் தொலைக்காட்சி, அதாவது எச்டி ஒளிபரப்பு, 1990களின் இறுதியில் தொடங்கியபோது, தடித்த பூச்சின் ஒவ்வொரு இழுப்பும் திரையில் தெரியலாயிற்று. அதனால் மெல்லிய படலமாகப் படியும் ஏர்பிரஷுக்குத் தேவை பெருகியது. நிழற்படத்தைத் திருத்தப் பிறந்த கருவி, ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு, நிழற்படத்துக்கென முகத்தை ஆயத்தம் செய்யும் கருவியாகியது.

கருவியின் அமைப்பு எளியது. காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரசர், அக்காற்றைக் கொண்டுவரும் குழாய், எழுதுகோல்போல் விரல்களுக்கிடையில் பிடிக்கப்படும் கைப்பிடி, அதன் மேற்புறத்தில் வண்ணத்துளிகள் விடப்படும் சிறு கிண்ணம், உட்புறத்தில் ஒரு நுண்ணிய ஊசி ஆகியவை அதன் உறுப்புகள். காற்று முனையைக் கடந்து விரைந்து வெளியேறும்போது அவ்விடத்தில் அழுத்தம் குறைகிறது. ஊசி சற்றே பின்வாங்கித் திறக்கும் வழியாக வண்ணம் அங்கே இழுக்கப்பட்டுத் துகள்துகளாக உடைந்து சிதறுகிறது. பெரும்பாலான கருவிகளில் விசையை அழுத்தினால் காற்றும், அதையே பின்னுக்கு இழுத்தால் வண்ணமும் வரும். காற்றை முதலில் விட்டு வண்ணத்தைப் பின்னர் சேர்ப்பதும், நிறுத்தும்போது வண்ணத்தை முதலில் அடக்கிக் காற்றைப் பின்னர் நிறுத்துவதும் இக்கலையின் அடிப்படைப் பயிற்சியாகும். இவ்வொழுங்கு தவறினால் பனிபோல் படிய வேண்டிய வண்ணம் பொட்டுப்பொட்டாகத் தெறித்துவிடும். முகத்துக்குரிய அழுத்தம் பொதுவாகச் சதுர அங்குலத்துக்கு 5 முதல் 15 பவுண்டு வரை மட்டுமே. கண்ணருகே அதையும் குறைத்துக்கொள்வர்.

கருவியைக் காட்டிலும் கவனத்துக்குரியது கிண்ணத்தில் ஊற்றப்படும் நீர்மமாகும். நீரை அடிப்படையாகக் கொண்ட வண்ணம் இலேசானது, வறண்ட தோலுக்கும் இயல்பான தோற்றத்துக்கும் ஏற்றது, ஆனால் கண்ணீரும் வேர்வையும் அதைக் கரைக்கக் கூடும். சிலிக்கோனை அடிப்படையாகக் கொண்டதில், விரைவாக ஆவியாகும் சிலிக்கோன் வகை நீர்மம் நிறத்துகள்களைச் சுமந்துவந்து தோலில் சேர்த்துவிட்டுப் போய்விட, நீரை ஏற்காத மெல்லிய படலம் எஞ்சுகிறது. நீண்ட சடங்குகளையும் வெக்கையையும் தாங்க வேண்டிய தமிழ்நாட்டுத் திருமணங்களில் கலைஞர்கள் பெரிதும் விரும்புவது இதுவே. ஆல்கஹாலை அடிப்படையாகக் கொண்ட மூன்றாவது வகை மிக உறுதியானது. பச்சை குத்திய தடங்களை மறைப்பதற்கும் உடல் வண்ணங்களுக்கும் உரியதாகையால், முகத்துக்கு அது வழக்கமாகப் பயன்படுவதில்லை. ஆகவே 'ஏர்பிரஷ் கலையாது' என்ற பொதுவான உறுதிமொழிக்குப் பொருள் இல்லை. எந்த நீர்மம், எந்தத் தோல், எந்தப் பருவம் என்ற மூன்றும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கின்றன.

கும்பகோணத்தில் வைகாசி மாத முகூர்த்தமாக அமைந்த அத்திருமணத்துக்கு, திருச்சியிலிருந்து ஓர் ஒப்பனைக் கலைஞர் பேசப்பட்டிருந்தார். திருமணத்துக்கு முன்னரே ஒரு பகற்பொழுதில் அவர் வீட்டுக்கு வந்து முன்னோட்டம் செய்தார். இதனைத் தொழிலில் இருப்போர் ட்ரையல் என்பர். முன்னோட்டத்தின் நோக்கம் மணப்பெண்ணுக்கு அழகு கூடுகிறதா என்று பார்ப்பது மட்டுமன்று. அவள் தோல் எத்தகையது, எந்தப் பொருள் அவளுக்கு ஒவ்வாது, எந்த நிறங்கள் கலந்தால் அவள் நிறம் கிடைக்கும், பூசியது எத்தனை நேரம் கழித்து எங்கே உடைகிறது என்பவற்றை அறிந்துகொள்வதே அதன் முதன்மைப் பயன். அக்கலைஞர் வந்ததும் கருவியைத் திறக்கவில்லை. மணப்பெண்ணைச் சன்னலோரத்தில் பகல் வெளிச்சத்தில் அமர்த்தி, நெற்றி, கன்னம், தாடையோரம், கழுத்து, நெஞ்சின் மேற்பகுதி, முன்கை என ஒவ்வொன்றையும் நிதானமாகப் பார்த்தார். வெயிலில் கறுத்த இடம் எது, இயற்கை நிறம் எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். காதின் பின்புறம் ஒரு துளி வண்ணத்தை இட்டு, மறுநாள் வரை அரிப்போ சிவப்போ தோன்றுகிறதா என்று பார்க்கச் சொன்னார்.

அப்போது வீட்டின் மூத்தவராகிய பெரியம்மா, பெண்வீட்டுப் பெரியவர்கள் பலரும் கேட்கும் ஒன்றையே கேட்டார். "ஏம்மா, கொஞ்சம் வெளுப்பாவே போட்டு விடு. போட்டோல பளிச்சுன்னு தெரியணும்" என்றார். அக்கலைஞர் சற்றும் முகம் கோணாமல், "அம்மா, முகத்த மட்டும் வெளுப்பாக்கினா கழுத்தும் கையும் காட்டிக் குடுத்துரும். இவங்க கலர்லயே போட்டாத்தான்மா பளிச்சுன்னு இருக்கும். இன்னிக்குப் போட்டுக் காட்டுறேன், பாத்துட்டுச் சொல்லுங்க" என்று விடையிறுத்தார். பின்னர்த் தாடையோரத்தில் மூன்று வெவ்வேறு கலவைகளைச் சிறு பட்டைகளாகத் தூவினார். ஒன்று வெளிறித் தனித்து நின்றது. மற்றொன்று சிறிது நேரத்தில் சாம்பல் பூத்தாற்போலத் தோன்றியது. மூன்றாவது எங்கே தூவப்பட்டது என்று தேட வேண்டியிருந்தது. தேடிப் பார்த்த பெரியம்மா மறுப்பு ஏதும் சொல்லவில்லை. மணப்பெண் கைக்கண்ணாடியை வாங்கி, முகத்தை இருபுறமும் திருப்பிப் பார்த்து, "இது நானாட்டமே இருக்கு" என்றாள். அக்குரலில் இருந்த நிம்மதி அங்கிருந்த பெண்கள் அனைவருக்கும் விளங்கியது.

சாம்பல் பூத்தாற்போன்ற அத்தோற்றத்துக்குக் காரணம் உண்டு. ஃபவுண்டேஷனின் நிறம் பெரும்பாலும் மஞ்சள், சிவப்பு, கறுப்பு ஆகிய இரும்பு ஆக்சைடுகளையும், வெண்மை தரும் டைட்டானியம் டை ஆக்சைடையும் விகிதமறிந்து கலப்பதால் கிடைக்கிறது. மாநிறத்துக்கும் கருநிறத்துக்கும் உரிய கலவையில் வெண்மை மிகுந்தாலோ, ஆழத்தை உண்டாக்கக் கறுப்பை மட்டும் சேர்த்தாலோ, தோலின் உள்ளிருந்து வரும் செம்மையும் மஞ்சளும் மறைந்து, முகம் உயிரற்ற சாம்பல் நிறத்துக்கு மாறுகிறது. கருநிறத் தோலுக்குச் சிவப்பும் மஞ்சளும் போதிய அளவில் வேண்டும்; கண்ணுக்குக் கீழுள்ள கருவளையத்துக்கு நேரடியாக வெளிர்நிறத்தை வைக்காமல், ஆரஞ்சு சாயல் கொண்ட திருத்தியை முதலில் வைத்து நீலக்கருமையைத் தணிக்க வேண்டும். ஏர்பிரஷ் வண்ணங்கள் துளிக்கணக்கில் கிண்ணத்திலேயே கலக்கப்படுவதால், ஒரு குறிப்பிட்ட முகத்தின் நிறத்தைத் துல்லியமாக எட்டுவதற்கு அவை நல்ல வாய்ப்பைத் தருகின்றன. அவ்வாய்ப்பைப் பயன்படுத்துவதும் வீணாக்குவதும் கலக்கும் கையைப் பொறுத்தவை.

இந்நிறச் சிக்கல் ஒப்பனை மேசையில் தோன்றியதன்று. ஃபேர் அண்ட் லவ்லி போன்ற சிவப்பழகுக் களிம்புகள் இந்தியச் சந்தையில் 1975 முதல் விளம்பரம் செய்யப்பட்டு, பெண் பார்க்கும் நிகழ்ச்சியோடும் வேலைவாய்ப்போடும் நிறத்தை இணைத்துப் பேசிவந்தன. திருமண விளம்பரங்களில் 'சிவந்த நிறம்' என்பது ஒரு தகுதியாகவே அச்சிடப்பட்டது. சென்னையைச் சேர்ந்த விமன் ஆஃப் வொர்த் என்னும் அமைப்பு 2009இல் தொடங்கிய 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' இயக்கம் இவ்வழக்கத்தை வெளிப்படையாக எதிர்த்தது. 2013இல் நடிகை நந்திதா தாஸ் அதன் முகமாக நின்று பேசியபோது அது நாடெங்கும் கவனிக்கப்பட்டது. 2017இல் பாடகி ரிஹானா தொடங்கிய ஒப்பனை நிறுவனம் ஒரே ஃபவுண்டேஷனை 40 நிறங்களில் வெளியிட்டபோது, ஆழ்ந்த நிறத் தோலுக்குரிய வகைகள் எத்துணைக் குறைவாக இருந்துவந்தன என்பதை உலகச் சந்தை ஒப்புக்கொள்ள நேர்ந்தது. 2020இல் ஃபேர் அண்ட் லவ்லி தன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லை நீக்கிக்கொண்டது. எனினும் மணமகள் அறையின் கண்ணாடி முன் நின்று 'கொஞ்சம் வெளுப்பாக' என்று கேட்கும் அன்பான குரல் இன்னும் ஓயவில்லை. அது அன்பினால் எழுவதாயினும், மணப்பெண்ணின் காதில் அவள் நிறத்தைப் பற்றிய தீர்ப்பாகவே விழுகிறது.

நிறத்துக்கு அடுத்தபடியாக, ஏர்பிரஷ் எதை மறைக்கும், எதை மறைக்காது என்பது விளங்க வேண்டும். சீரற்ற நிறம், இலேசான தழும்பு, வெயில் கறுப்பு ஆகியவற்றை அடுக்கடுக்கான மெல்லிய படலங்கள் நன்கு சமன் செய்யும். ஆனால் மேடுகளையும் பள்ளங்களையும் எந்த வண்ணமும் சமன் செய்யாது. பருவின் சிவப்பு மறையலாம், அதன் புடைப்பு பக்கவாட்டு வெளிச்சத்தில் தெரியத்தான் செய்யும். வறண்டு உரியும் தோலின் மேல் துளிகள் செதில்களின் விளிம்பில் தங்கி, வறட்சியை முன்னைவிட எடுத்துக்காட்டும். கன்னத்தின் பூனைமுடி மீது வண்ணம் படிந்தால், கையால் பூசும்போது தெரியாத அம்முடி தனித்துத் தெரியும். ஆழமான கரும்புள்ளிகளை மறைக்க, தூவலுக்கு முன்னரே கன்சீலர் என்னும் தடித்த மறைப்புப் பூச்சைத் தூரிகையால் வைக்க வேண்டும். பெருக்கித் தெளிக்காத வாசலில் இழைக்கோலம் எடுபடாததைப் போலவே, பேணப்படாத தோலில் எத்துணை உயர்ந்த இயந்திரமும் எடுபடாது.

அதனாலேயே அக்கலைஞர் முன்னோட்டத்தின் முடிவில் ஒப்பனையைக் காட்டிலும் அதற்கு முந்திய நாள்களைப் பற்றியே மிகுதியாகப் பேசினார். புருவம் திருத்துவதையும் முகமுடி நீக்குவதையும் சில நாள்களுக்கு முன்பே முடித்துவிட வேண்டும், முந்திய நாளில் புதிய ஃபேஷியல் எதையும் செய்துகொள்ளலாகாது, தண்ணீரும் உறக்கமும் குறையக் கூடாது என்பன பொதுவான அறிவுரைகள். அவற்றினும் பயனுள்ளவையாக அமைந்தவை இம்மண்ணின் சடங்குகளை அறிந்து அவர் சொன்னவை. நலங்கு வைக்கும்போது பூசப்படும் மஞ்சள் தோலில் ஊறி, ஓரிரு நாள்கள் வரை மஞ்சட்சாயலை விட்டுவைக்கும். முன்னோட்டத்தில் பொருந்திய நிறம் அச்சாயலின் மேல் மாறித் தெரியும் என்பதால், முகத்தில் மட்டும் மஞ்சளைத் தொட்டு வைத்தாற்போதும் என்று சுமங்கலிகளிடம் சொல்லிவைக்கும்படி கேட்டுக்கொண்டார். முகூர்த்த நாளில் விடியுமுன் தலைக்கு நல்லெண்ணெய் வைத்துக் குளிப்பாட்டும் வழக்கத்தில், நெற்றியிலும் காதோரத்திலும் தங்கும் எண்ணெய்ப் பசை வண்ணத்தைப் பிடிக்கவிடாது என்பதையும் எடுத்துரைத்தார். சடங்கை விடச் சொல்லாமல், உச்சியில் ஒரு துளி வைத்து முறையை நிறைவேற்றிக்கொள்ளலாம் என்று அவர் சொன்ன வழியை வீட்டார் மனநிறைவோடு ஏற்றனர்.

முகூர்த்தம் காலை ஆறு மணியை ஒட்டி அமைந்திருந்ததால், ஒப்பனை பின்னிரவிலேயே தொடங்கியது. மண்டபங்களின் மணமகள் அறை பெரும்பாலும் சீர்வரிசைத் தட்டுகளும் பெட்டிகளும் உறங்கும் குழந்தைகளும் நிறைந்ததாகவே இருக்கும். அவ்வறையில் ஒரு மூலையை ஒழித்து, வெள்ளை விளக்கை நிறுத்தி, கம்ப்ரசரை மின்செருகியில் பொருத்தி, கருவிகளைத் துணிமேல் வரிசையாகப் பரப்புவதற்கே தனி நேரம் வேண்டியிருந்தது. மின்சாரம் போனாலும் இயங்கக்கூடிய, மின்கலத்தால் ஓடும் சிறு கம்ப்ரசர் ஒன்றையும் அவர் உடன் கொண்டுவந்திருந்தார். மின்விசிறி முகத்துக்கு நேரே சுழன்றால் தூவல் திசைமாறும் என்பதால், தூவும் நேரத்தில் மட்டும் அதை நிறுத்தச் சொன்னார். வைகாசிப் புழுக்கத்தில் அவ்விடைவேளை எல்லோர்க்கும் நீண்டதாகவே தோன்றியது. முழு ஒப்பனைக்கும் தலையலங்காரத்துக்கும் புடவைக்கும் சேர்த்து இரண்டு மூன்று மணி நேரம் ஒதுக்கப்பட்டிருக்க, ஏர்பிரஷ் தூவல் மட்டும் எடுத்துக்கொண்ட நேரம் அதில் மிகச் சிறிய பகுதியே என்பது அங்கிருந்தோர்க்கு வியப்பளித்தது.

முதலில் முகம் துடைக்கப்பட்டு, ஈரப்பதம் தரும் களிம்பு தடவப்பட்டு, அது உள்ளிறங்கும் வரை காத்திருக்கப்பட்டது. அடுத்து, வண்ணம் பற்றி நிற்க உதவும் பிரைமர் என்னும் முன்பூச்சு இடப்பட்டது. சிலிக்கோன் வண்ணத்தைத் தூவப் போவதால் பிரைமரும் அதனோடு இணங்குவதாக இருக்க வேண்டும், இல்லையேல் மேற்படலம் சுருண்டு உதிரும் என்று அவர் விளக்கினார். கண்ணடியிலும் வாயோரத்திலும் திருத்தி வைக்கப்பட்டது. பின்னர்க் கிண்ணத்தில் சில துளிகள் விடப்பட்டன. முழு முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்துத் தேவைப்பட்ட வண்ணம் ஒரு தேக்கரண்டியை நிரப்பும் அளவுகூட இல்லை. தம் புறங்கையில் ஒருமுறை தூவிச் சரிபார்த்துக்கொண்டு, ஒரு சாணுக்கும் சற்றுக் குறைந்த தூரத்திலிருந்து, கை ஓரிடத்திலும் நிற்காமல் சிறு வட்டங்களாக நகர, நெற்றியில் தொடங்கிக் காது மடல் வரையிலும் கழுத்தின் பின்புறம் வரையிலும் அவர் தூவிச் சென்றார்.

மணப்பெண்ணுக்கு அதில் தெரிந்தது குளிர்ந்த காற்று வீசும் உணர்வு மட்டுமே. ஈரம் பட்டதாகவே தெரியவில்லை என்று பின்னர்ச் சொன்னாள். கண்ணருகே வரும்போது கண்களை இறுக்காமல் மெல்ல மூடிக்கொள்ளுமாறும், மூக்கும் வாயும் உள்ள பகுதியில் தூவும் சில நொடிகள் மூச்சை அடக்கிக்கொள்ளுமாறும் ஒவ்வொரு முறையும் முன்கூட்டியே சொல்லப்பட்டது. ஒரு படலம் தூவியபின் அது உலரும் வரை காத்து, வெள்ளை விளக்கில் பார்த்து, தேவைப்பட்ட இடத்தில் மட்டும் அடுத்த படலம் தூவப்பட்டது. இங்கேதான் தேர்ந்த கையும் தேராத கையும் வேறுபடுகின்றன; பயிற்சி குறைந்தவர் முதல் தூவலிலேயே முழு மறைப்பையும் பெற முயன்று, மெல்லிய படலம் என்ற இம்முறையின் சிறப்பையே இழந்துவிடுவர். போதும் என்று நிறுத்தத் தெரிவதே இத்தொழிலின் உயர்ந்த திறன் என்று அன்று அக்கையைக் கண்டு உணர முடிந்தது. கன்னச் சிவப்பும் மூக்கோர நிழலும்கூட அதே கருவியால், வேறு வண்ணங்களைக் கொண்டு மெல்லத் தூவப்பட்டன.

ஆயினும் ஏர்பிரஷ் ஒப்பனை என்றால் முகம் முழுவதும் இயந்திரத்தாலேயே முடியும் என்று எண்ணுவது பொருந்தாது. கண்ணிமை வண்ணங்கள், மை, புருவம், உதடு ஆகியவை தூரிகையாலும் பென்சிலாலுமே செய்யப்பட்டன. சிலிக்கோன் படலம் நன்கு படிந்து உறைந்தபின் அதன்மேல் தூரிகையால் அழுத்தித் தேய்த்தால் திட்டு விழும் என்பதால், சேர்க்க வேண்டியவற்றை ஒற்றியே சேர்த்தார். பளபளப்பு மிகும் நெற்றிக்கும் மூக்குக்கும் மட்டும் பவுடர் மிகச் சிறிதளவு ஒற்றப்பட்டது. வெண்மையாகத் தோன்றும் சில நுண்பவுடர்களும், வெயில் தடுப்புக் களிம்புகளில் உள்ள துத்தநாக ஆக்சைடும் டைட்டானியம் டை ஆக்சைடும், நேரில் தெரியாமலிருந்து, கேமராவின் ஃபிளாஷ் ஒளியில் வெள்ளைத் திட்டுகளாகத் திருப்பியொளிரும். இதற்காகவே ஒப்பனை முடிந்ததும் ஃபிளாஷோடும் ஃபிளாஷின்றியும் படமெடுத்துப் பார்ப்பது நல்ல கலைஞர்களின் வழக்கமாக உள்ளது.

மணவறையில் அவ்வொப்பனை உண்மையான சோதனையைச் சந்தித்தது. ஹோமப்புகை கண்ணைக் கரித்தது. மேலே விளக்குகளும் முன்னே அக்கினியும் சேர்ந்து எழுப்பிய வெக்கையில், பட்டுப்புடவையும் கனத்த மாலையும் அணிந்த பெண்ணுக்கு வேர்வை நிற்கவில்லை. தாரை வார்க்கும் வேளையில் சித்தப்பாவின் கை நடுங்கியதைக் கண்டு அவள் கண்கள் நிரம்பி வழிந்தன. அருகில் நின்ற இவ்வரிகளை எழுதுபவரிடம் முன்பே ஒரு மெல்லிய காகிதக் கைக்குட்டை கொடுக்கப்பட்டு, துடைக்காமல் ஒற்றியெடுக்க வேண்டும் என்று சொல்லப்பட்டிருந்தது. அவ்வாறே ஒற்றியபோது கண்ணீர் மட்டும் வந்தது. கன்னத்தில் தடம் விழவில்லை. எனினும் எல்லாம் அப்படியே நின்றுவிட்டது என்று சொல்வது உண்மையாகாது. அம்மி மிதித்து அருந்ததி பார்த்து முடிவதற்குள் மூக்குநுனியில் வண்ணம் மெலிந்திருந்தது. மாலை உராய்ந்த கழுத்தோரத்தில் படலம் தேய்ந்திருந்தது. பாலும் பழமும் உண்டபின் உதட்டுச் சாயத்தைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. நீர் தாங்கும் படலமும் உராய்வைத் தாங்காது. ஆனால் நிறம் அவளுடையதாகவே இருந்ததால், தேய்ந்த இடம் எதுவும் தனித்துத் தெரியவில்லை. பிற்பாடு வந்த படங்களில் முகமும் கழுத்தும் தாலி ஏற்ற நெஞ்சும் ஒன்றாகவே இருந்தன.

ஒப்பனையைக் கலைப்பதும் ஒப்பனையின் ஒரு பகுதியே. சிலிக்கோன் படலம் வெறும் தண்ணீருக்கு அசையாது. சோப்பால் தேய்த்தால் தோல்தான் புண்படும். அன்று மாலை எண்ணெய்த் தன்மையுள்ள துப்புரவு நீர்மத்தைப் பஞ்சில் நனைத்து, சற்று நேரம் முகத்தில் வைத்திருந்து, பின்னர் மெல்ல வழித்தெடுத்து, மென்மையான முகக்கழுவியால் கழுவி, களிம்பு தடவ வேண்டும் என்று எழுதியே கொடுக்கப்பட்டிருந்தது. தூய்மை குறித்தும் சொல்ல வேண்டியது உண்டு. தூவும்போது கருவி முகத்தைத் தொடாதாகையால் பஞ்சையும் தூரிகையையும்விட இம்முறை சுகாதாரமானது என்பது ஓரளவு உண்மை. ஆனால் கிண்ணமும் ஊசியும் ஒவ்வொருவருக்குப் பின்னும் கழுவப்பட வேண்டும், கண்ணுக்கும் உதட்டுக்கும் பயன்படும் தூரிகைகளுக்குத் தனித் தூய்மை வேண்டும். நுண்துளிகள் மூச்சோடு உட்செல்லக் கூடுமாதலின், ஆஸ்துமா உள்ளவர்கள் அதை முன்பே தெரிவிக்க வேண்டும். அறையில் காற்றோட்டம் இருக்க வேண்டும். நாள்தோறும் தூவும் கலைஞர்கள் தம் மூச்சையும் காத்துக்கொள்ள வேண்டும்.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கினால், தேர்ந்த ஏர்பிரஷ் ஒப்பனையிடமிருந்து எதிர்பார்க்கத் தக்கவை தெளிவாகின்றன. மெல்லியதும் சீரானதுமான நிறப்படலம், பல மணி நேரம் வெக்கையையும் கண்ணீரையும் தாங்கும் உறுதி, கேமராவின் நெருக்கத்திலும் பூச்சின் தடம் தெரியாத இயல்பு, முகத்தில் பாரமே இல்லாத உணர்வு ஆகியவற்றை அது தரும். தோலின் மேடுபள்ளங்களை அழிப்பதும், பேணாத தோலைப் பேணிய தோலாக்குவதும், உராய்வைத் தாங்குவதும் அதனால் இயலாதவை. இவ்வரம்புகளை அறிந்து ஏற்கும் குடும்பத்துக்கு ஏமாற்றம் நேர்வதில்லை. சாதாரண ஒப்பனையைக் காட்டிலும் கூடுதலாகக் கேட்கப்படும் தொகை, இயந்திரத்துக்கு உரியது என்பதைவிட, நிறத்தைக் கலந்தறியும் பயிற்சிக்கும் முன்னோட்டத்துக்கும் உரியது என்று கொள்வதே முறை. முன்னோட்டம் இன்றி, படங்களை மட்டும் காட்டிப் பேசி முடிக்கப்படும் ஏர்பிரஷ் ஒப்பனைக்கு அத்தொகையைக் கொடுப்பதில் பொருளில்லை.

ஆகவே திருமண வீட்டார் ஒப்பனைக் கலைஞரைப் பேசும்போது, கருவி எந்த நிறுவனத்தினது என்று கேட்பதற்கு முன்னர், மாநிறத்துக்கும் கருநிறத்துக்கும் உரிய வண்ணங்கள் அவரிடம் எத்தனை உள்ளன என்றும், அத்தகைய பெண்களுக்கு அவர் செய்த ஒப்பனையைத் திருத்தப்படாத படங்களில் காட்ட முடியுமா என்றும் கேட்க வேண்டும். மணப்பெண்ணும் தன் நிறத்திலேயே ஒப்பனை வேண்டும் என்பதை வேண்டுகோளாகச் சொல்லாமல் உரிமையாகவே சொல்ல வேண்டும். வீட்டுப் பெரியவர்கள் அச்சொல்லுக்குத் துணைநிற்க வேண்டும். காற்றால் தூவினாலும் பஞ்சால் பூசினாலும், மணவறையில் அமரும் பெண்ணைப் பிறந்தது முதல் பார்த்துவந்த ஊரார், அவளை அவளாகவே கண்டு வாழ்த்தும்படி செய்யும் ஒப்பனையே நல்ல ஒப்பனை. அதைச் செய்வதற்குப் போதிய நுண்மை இன்று கருவியிடம் உள்ளது. அதைக் கேட்டுப் பெறும் துணிவு வீடுகளில் வளர வேண்டும்.